குணமான பிறகும் தொடரும் பயம்: சிறுவயதில் புற்றுநோயைக் கடந்தவர்களின் மனநலம்

6 வயதில் ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு குழந்தைக்கு இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள் சிகிச்சை நடக்கும். 9 வயதில் எல்லாம் முடிந்து, முடி வளர்ந்து, பள்ளிக்குத் திரும்பியிருக்கும். பத்தாம் வகுப்புக்கு வரும்போது வீட்டில் அந்தப் பேச்சே இருக்காது. 31 வயதில் ஒருநாள் மாடி ஏறும்போது நெஞ்சு படபடக்கிறது. இது பதற்றமா? பழைய நோய் திரும்பிவிட்டதா? அன்று ஏற்றிய மருந்து இதயத்தில் விட்டுப்போன பாதிப்பா? இவர்களின் மனநலம் சிக்கலாவது இந்தக் கேள்வியில்தான். வேறு ஒருவருக்கு "சும்மா டென்ஷன்" என்று சொல்லி அனுப்பிவிடலாம். இவருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சிறுவயதில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களில் பெரும்பாலோர் மனதளவில் நன்றாகவே இருக்கிறார்கள். இந்தத் துறையில் மிக நீண்டகாலத் தரவைத் திரட்டியிருப்பது வட அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய 'சிறார் புற்றுநோய் மீண்டோர் ஆய்வு'. 1970 முதல் 1986 வரை நோய் கண்டறியப்பட்டு, குறைந்தது 5 ஆண்டுகள் உயிர்பிழைத்த பல்லாயிரம் பேரை அது தொடர்ந்து கவனித்தது. பின்னர் 1999 வரை கண்டறியப்பட்டவர்களையும் சேர்த்துக்கொண்டது. ஒப்பிடுவதற்கு அவர்களின் உடன்பிறந்தவர்களையே எடுத்துக்கொண்டது. ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே வருமானம் என்பதால் வித்தியாசத்துக்குக் காரணம் நோய்தான் என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். அதில் 2010இல் வெளியான முடிவுகளின்படி, அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் இருந்தவர்கள் மீண்டவர்களில் 9 சதவீதம், உடன்பிறந்தவர்களில் 2 சதவீதம். தற்கொலை எண்ணம் இருந்ததாகச் சொன்னவர்கள் 7.8 சதவீதம்; உடன்பிறந்தவர்களில் 4.6.

இந்த எண்களில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. பத்தில் ஒன்பது பேருக்குத் தீவிர அழுத்தக் கோளாறு இல்லை. ஆகவே மீண்டவர் என்றாலே மனம் உடைந்தவர் என்று பார்ப்பது தவறு. அதேசமயம், மீதி ஒருவர் என்ற அந்த அளவே உடன்பிறந்தவர்களிடம் காண்பதைவிடப் பல மடங்கு அதிகம். அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடிக்கக் கடும் சிகிச்சை பெற்றவர், வேலை இல்லாதவர், வருமானம் குறைந்தவர், தனியாக வாழ்பவர் ஆகியோரிடம் கூடுதல் கவனம் வேண்டும்.

பயம் ஓரிடத்தில், ஆபத்து வேறிடத்தில்

பெரியவர்களான பிறகு இவர்கள் பெரும்பாலும் பயப்படுவது 'அது திரும்ப வந்துவிடுமோ' என்று. சிறார் ரத்தப் புற்றுநோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும். சிகிச்சை முடிந்து 5 ஆண்டுகள் தாண்டிய பின் திரும்புவது அரிது. 20 ஆண்டுகள் கழித்து என்றால் மிக மிக அரிது. உண்மையான ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. 2006இல் அதே ஆய்வு 10,397 பேரை வைத்துச் சொன்னது: 62.3 சதவீதத்தினருக்குக் குறைந்தது ஒரு நாள்பட்ட உடல்நலக் கோளாறு, 27.5 சதவீதத்தினருக்குத் தீவிரமான அல்லது உயிருக்கு ஆபத்தான கோளாறு. இதயத் தசை பலவீனம், தைராய்டு குறைவு, காது கேளாமை, குழந்தையின்மை, கதிர்வீச்சுப் பட்ட இடத்தில் புதிதாக வரும் வேறொரு புற்றுநோய் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அவர்கள் 1970, 80களில் சிகிச்சை பெற்றவர்கள். பிற்காலச் சிகிச்சைகளில் கதிர்வீச்சு பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் இன்று நாற்பதுகளில் இருக்கும் பலர் அந்தப் பழைய தலைமுறைதான்.

ஆக, பயம் பழைய நோயின் மேல் இருக்கிறது. ஆபத்து பழைய சிகிச்சையின் விளைவில் இருக்கிறது. இந்த இடைவெளியால் இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன. ஒருவர் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ரத்தப் பரிசோதனைக்கு ஓடுகிறார். ஆனால் பத்தாண்டுகளாக எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கவில்லை. இன்னொருவர் ஆஸ்பத்திரி வாசனையே வேண்டாம் என்று மொத்தமாக விலகிவிடுகிறார். இரண்டுமே பயத்தைச் சமாளிக்கும் வழிகள்தான். இரண்டுமே உடலைக் காப்பாற்றுவதில்லை.

மறப்பது எங்கே உதவுகிறது, எங்கே கெடுக்கிறது

"அதையெல்லாம் நான் நினைக்கிறதே இல்லை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். இதைக் கேட்டதும் உள்ளே எதையோ அமுக்கி வைத்திருக்கிறார், தோண்டி எடுக்க வேண்டும் என்று நினைப்பது பழைய பாணி. உணர்ச்சிகளைப் பெரிதாக வெளிக்காட்டாமல் சமாளிக்கும் இயல்பு புற்றுநோய் வந்த குழந்தைகளிடம் மற்றவர்களைவிட அதிகம் என்பதும், அத்தகையவர்களுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாகவே பதிவாகின்றன என்பதும் அமெரிக்க ஆய்வுகளில் தெரியவந்த ஒன்று. தூக்கம், வேலை, உறவு மூன்றும் ஒழுங்காக இருந்து, பரிசோதனைகளுக்கும் தவறாமல் போகிறார் என்றால், பேச விரும்பாதவரைப் பேச வைக்கத் தேவையில்லை.

உணர்ச்சியை ஒதுக்குவது வேறு, தகவலை ஒதுக்குவது வேறு. முதலாவது பலருக்கு நல்ல தற்காப்பு, இரண்டாவது ஆபத்து. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், 635 பேரிடம் அவர்களின் பழைய சிகிச்சை பற்றிக் கேட்டார்கள். 72 சதவீதத்தினர் நோயின் பெயரைத் துல்லியமாகச் சொன்னார்கள். ஆனால் டானோரூபிசின் ஏற்றப்பட்டவர்களில் அந்த மருந்தின் பெயரை எடுத்துச் சொல்லிக் கேட்டபோதும் நினைவு வைத்திருந்தவர்கள் 30 சதவீதம்தான், டாக்ஸோரூபிசினுக்கு 52. இவை இரண்டும்தான் இதயத்தைப் பாதிக்கக்கூடிய முக்கிய மருந்துகள். 2008இல் வந்த இன்னொரு முடிவில், மீண்டவர்களில் 88.8 சதவீதத்தினர் ஏதோ ஒரு மருத்துவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பழைய புற்றுநோயைக் கணக்கில் எடுத்த கவனிப்பு கிடைத்ததோ 31.5 சதவீதத்தினருக்கு.

நம் வீடுகளில் இந்த மறதிக்கு இன்னொரு அடுக்கு உண்டு. பல குழந்தைகளுக்கு நோயின் பெயரே சொல்லப்படுவதில்லை. 'ரத்தம் கம்மி', 'ரத்தத்துல கிருமி' என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. பெற்றோர் பாசத்தில் செய்வதுதான். ஆனால் பையனோ பெண்ணோ பெரியவர்களானதும் பீரோவில் கிடக்கும் ஃபைலைப் பார்த்தோ, ரத்ததானப் படிவத்தை நிரப்பும்போது அம்மா பதறுவதைக் கண்டோ, தெரிந்துகொள்கிறார்கள். அப்படித் தெரியவரும்போது நோயின் அதிர்ச்சியைவிட 'இத்தனை வருஷம் மறைத்தார்களே' என்ற காயம் பெரிதாகிறது. அதன்பின் பெற்றோர் "இப்போ நீ நல்லாத்தான் இருக்கே" என்று சொன்னாலும் நம்பிக்கை வருவதில்லை.

7, 8 வயதிலேயே நோயின் பெயரைச் சொல்லிவிடலாம். சிகிச்சையின் விவரத்தை 12, 13 வயதில். பின்விளைவு, குழந்தைப்பேறு பற்றியவற்றை 16 முதல் 18க்குள். ஒரே நாளில் உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டுவதைவிட, வருடாந்திரச் செக்கப்புக்குப் போய்வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வது எளிது. 15 வயதிலிருந்து மருத்துவரிடம் முதல் 10 நிமிடமாவது பிள்ளை தனியாகப் பேசட்டும்.

சோம்பல் என்று பெயர் வாங்கும் மூளைப் பாதிப்பு

மனப் பிரச்சினை என்று வரும் சிலவற்றின் வேர் மூளையில் இருக்கிறது. ரத்தப் புற்றுநோய் மூளைக்குப் பரவாமல் தடுக்க, முன்பு தலைக்குக் கதிர்வீச்சு கொடுப்பது, பேச்சு வழக்கில் 'கரண்ட் வைப்பது', வழக்கம். 1970களில் 24 கிரே, பின்னர் 18 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). இப்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு அது இல்லை. முதுகுத்தண்டில் போடும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி அந்த வேலையைச் செய்கிறது. கதிர்வீச்சு எவ்வளவு இளம் வயதில் பட்டதோ, பாதிப்பும் அவ்வளவு அதிகம்.

இவர்களில் பலருக்கு அறிவும் பேச்சும் நன்றாகவே இருக்கும். குறைவது வேகம், கவனம், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் திறன். அலுவலகத்தில் மேலாளர் நின்றுகொண்டே நான்கு வேலைகளை வாயால் சொல்லிவிட்டுப் போகிறார். முதலாவதும் கடைசியும் நினைவிருக்கும். நடுவில் உள்ள இரண்டும் காணாமல்போகும். இரண்டு முறை இப்படி நடந்ததும் 'பொறுப்பில்லாதவன்' என்று பெயர் வந்துவிடும். சிறுவயதிலிருந்து 'சோம்பேறி' என்று கேட்டு வளர்ந்தவர் அதையே நம்பத் தொடங்குகிறார். மனச்சோர்வு வருவது அதற்குப் பிறகு. அந்தச் சோர்வுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் பாதிதான் சரியாகும்.

இதற்கு நரம்பியல் உளவியல் பரிசோதனை உண்டு. மருத்துவ உளவியலாளர் செய்வார், பல மணி நேரம் பிடிக்கும். களைப்பு முடிவைக் கெடுத்துவிடும் என்பதால் இரண்டு நாளாகப் பிரித்துச் செய்யச் சொல்வது நல்லது. முடிவு தெரிந்த பிறகு செய்ய வேண்டியவை எளிமையானவை: வேலைகளை எழுத்தில் கேட்பது, ஒரு நேரத்தில் ஒரே வேலை, கவனம் அதிகம் தேவைப்படுவதைக் காலையில் முடிப்பது, கெடு நாளை இரண்டு நாள் முன்னதாகக் குறித்துக்கொள்வது. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஏற்றப்பட்டவர்கள் சிலருக்குக் கூர்மையான ஒலிகள் கேட்காமல் போகும். கூட்டத்தில் பேச்சு புரியாது, ஆகவே விசேஷங்களுக்குப் போவதைத் தவிர்ப்பார்கள். வீட்டார் அதைக் கூச்சம் என்று நினைப்பார்கள். உளவியல் ஆலோசனைக்கு முன் ஆடியோகிராம் என்ற செவித்திறன் பரிசோதனை எடுத்துப் பார்க்க வேண்டியவர்கள் இவர்கள். காது கேளாமை, கை கால் இழப்பு ஆகியவற்றுக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, குறைபாட்டின் அளவைப் பொறுத்து, அடையாள அட்டையும் சலுகைகளும் உண்டு. 'நோயாளி' முத்திரை வேண்டாம் என்று பலர் வாங்குவதில்லை. வாங்கிக்கொள்வதில் எந்தத் தாழ்வும் இல்லை.

முதலில் உடலைப் பார்த்துவிட்டு

2022இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், மீண்டவர்கள் அனைவரிடமும் ஒவ்வொரு தொடர் சந்திப்பிலும் மனநலம் பற்றிக் கேட்க வேண்டும் என்கிறது. பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் போதும். 27க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் அடுத்த கட்டம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த ஒன்பதில் தூக்கம், களைப்பு, பசி, கவனம், மந்தம் ஆகியவை உடல் கோளாறிலும் வருபவை. கழுத்தில் கரண்ட் வைத்தவருக்குத் தைராய்டு குறைந்திருந்தாலே 10ஐத் தொட்டுவிடலாம். எனவே மதிப்பெண் கூடியதும் முதலில் பார்க்க வேண்டியவை டிஎஸ்எச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின். தலைக்குக் கதிர்வீச்சு பெற்றிருந்தால் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சார்ந்த ஹார்மோன்கள். படபடப்பு இருந்தால் ஈசிஜியும் எக்கோவும். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதற்கு 'ஆம்' என்று பதில் வந்தால் மொத்த மதிப்பெண் எவ்வளவு என்று பார்க்கவே கூடாது. அன்றே பேச வேண்டும். நள்ளிரவில் அப்படி ஓர் எண்ணம் வந்தால் அழைக்க, 24 மணி நேரமும் இயங்கும் அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

மாத்திரை தேவைப்பட்டால் பழைய சிகிச்சையை மனநல மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். மூளைக் கட்டி இருந்தவருக்கும் வலிப்பு வந்தவருக்கும் புப்ரோபியான் என்ற மனச்சோர்வு மாத்திரை ஏற்றதல்ல. அது வலிப்பைத் தூண்டக்கூடும். சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் ஈசிஜியில் க்யூடி இடைவெளியை நீட்டி இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்பதால், இதயம் பலவீனமானவருக்கு யோசித்தே கொடுப்பார்கள்.

பயம்தான் மையப் பிரச்சினை என்றால், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுவழிச் சிகிச்சையில் முதலில் உடைப்பது 'உறுதி தேடும்' சுழலை. புதிதாக ஒரு கட்டி போலத் தட்டுப்படுகிறது. ஸ்கேன் எடுத்ததும் நிம்மதி. அந்த நிம்மதி இரண்டு வாரம் நிற்கும். அடுத்த முறை பத்து நாள், அதற்கடுத்து ஐந்து நாள். நிம்மதியை வெளியே இருந்து வாங்கி வாங்கி, சொந்தமாகச் சமாதானமாகும் திறன் தேய்ந்துவிடுகிறது. இதற்கு முன்கூட்டியே மருத்துவருடன் உட்கார்ந்து எழுதி வைத்த விதி உதவும்: இரண்டு வாரம் தாண்டிய, அல்லது நாளுக்கு நாள் கூடுகிற புதிய அறிகுறி என்றால் காட்டுவேன்; மற்றதற்குக் காத்திருப்பேன். மூச்சுத்திணறல், மயக்கம், நெஞ்சுவலி ஆகியவற்றுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அவற்றுக்கு உடனே போக வேண்டும்.

வருடாந்திரப் பரிசோதனைக்கு முந்தைய வாரம் பலருக்குத் தூக்கம் கெடும். சில சிறு ஏற்பாடுகள் இதை ஓரளவு குறைக்க உதவும்: பரிசோதனையும் மருத்துவர் சந்திப்பும் ஒரே நாளில் இருப்பது, ரிப்போர்ட்டைத் தனியாகச் செல்போனில் திறந்து பார்க்காமல் மருத்துவர் முன் திறப்பது. எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்த பின்பு சிலருக்கு அழுகையும் அசதியும் வரும்; அதுவரை இறுக்கிப் பிடித்திருந்தது தளர்வதால் வருவது. அன்று விடுமுறை எடுத்துக்கொள்வது நல்லது.

கல்யாணப் பேச்சு

நம் சூழலில் மிகக் கடினமான இடம் இதுதான். மறைத்துச் செய்யும் திருமணத்தில் கெடுவது நேர்மை மட்டுமல்ல, பரிசோதனையும்தான். எக்கோவுக்குப் போனால் ஏன் என்று கேட்பார்கள், அதனால் போவதில்லை. இதயத்தைப் பாதிக்கும் மருந்துகளை டாக்ஸோரூபிசின் அளவுக்கு மாற்றிக் கணக்கிட்டால், உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு மொத்தம் 250 மி.கி. அல்லது அதற்கு மேல் ஏற்றியவருக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ தேவை. கர்ப்ப காலத்தில் இதயத்துக்கு வேலை கூடும் என்பதால், பெண்களுக்கு அதற்கு முன் கட்டாயம். நெஞ்சில் 10 கிரே அல்லது அதற்கு மேல் கதிர்வீச்சு பட்ட பெண்ணுக்கு 25 வயதிலிருந்தோ, சிகிச்சை முடிந்த 8 ஆண்டிலிருந்தோ, எது பிந்தையதோ அப்போதிலிருந்து ஆண்டுதோறும் மார்பகப் பரிசோதனை. இவற்றை ஒளிந்து ஒளிந்து செய்ய முடியாது.

பேச்சு நிச்சயத்தை நெருங்கும்போது, இருவரும் தனியாகப் பேசும் சந்தர்ப்பத்தில் சொல்வது நல்லது. முதல் சந்திப்பிலேயே வேண்டாம். மண்டபம் பதிவான பின்பும் வேண்டாம். நீளமாகச் சொன்னால் மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகிவிடும். "எனக்கு 7 வயசுல ரத்தப் புற்றுநோய் வந்துச்சு. மூணு வருஷம் சிகிச்சை. 10 வயசுல முடிஞ்சுது, இப்ப நோய் இல்லை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இதய ஸ்கேன் எடுக்கிறேன். குழந்தை விஷயமா டாக்டர் சொன்னதை நீங்களே வந்து கேட்கலாம்." இவ்வளவு போதும். பிறக்கும் குழந்தைக்குப் புற்றுநோய் வருமா என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். பரம்பரை வகை இல்லாத புற்றுநோய்களில் அந்த ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை. விழித்திரைக் கட்டியின் பரம்பரை வகையில் மரபணு கடத்தப்படும் வாய்ப்பு 50 சதவீதம். அவர்களுக்கு மரபியல் ஆலோசனை அவசியம். ஆண்களுக்கு, விந்தணுவைப் பாதிக்கும் மருந்துகளை சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தின் அளவுக்கு மாற்றிக் கணக்கிட்டு, மொத்த அளவு சதுர மீட்டருக்கு 4,000 மி.கி.க்குக் கீழே இருந்தால் விந்தணு உற்பத்தி பாதிக்கப்படுவது குறைவு. பெண்களுக்கு மாதவிடாய் சீக்கிரமே நிற்கக்கூடும் என்பதால், தள்ளிப்போடாமல், கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ஹார்மோன் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊகத்தில் பல ஆண்டுகள் வெந்துகொண்டிருப்பதைவிட, இந்தப் பரிசோதனைகளின் முடிவு எதுவானாலும் மனதுக்கு இலகு.

பெற்றோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோய் தந்த அதிர்ச்சியின் அறிகுறிகள் குழந்தையைவிடப் பெற்றோரிடம் அதிகம் என்பது பல ஆய்வுகளில் கண்ட விஷயம். 30 வயது மகன் தும்மினால் அம்மாவின் முகம் மாறுவது அதனால்தான். அவர்களுக்கும் ஆலோசனை தேவைப்படலாம். மகன் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

ஒரு பக்கத் தாள்

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் அடிப்படை, சிகிச்சைச் சுருக்கம் என்ற ஒரு பக்கத் தாள். நோயின் பெயரும் வகையும், கண்டறிந்த தேதி, சிகிச்சை முடிந்த தேதி, ஒவ்வொரு மருந்தின் பெயரும் மொத்த அளவும், கதிர்வீச்சு எந்த இடத்தில் எத்தனை கிரே, அறுவை சிகிச்சைகள், ரத்தம் ஏற்றிய விவரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரிகளை அடுக்கி வைத்திருப்பது இதற்கு ஈடாகாது. மொத்த அளவை அவற்றில் யாரும் கூட்டிப் போட்டிருக்க மாட்டார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1991லேயே சிகிச்சை முடிந்தவர்களுக்கென்று தனிக் கிளினிக் தொடங்கியது. அங்கிருந்து மீண்டவர்கள் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் கீழ் 2009இல் 'உகம்' என்ற ஆதரவுக் குழுவை அமைத்தார்கள். இப்படி ஒரு கிளினிக் இல்லாத ஊரில், 18 வயதானதும் குழந்தைகள் பிரிவிலிருந்து வெளியே வருபவருக்கு அடுத்து யாரைப் பார்ப்பது என்றே தெரியாது. ஒரு பொது மருத்துவரைப் பிடித்துக்கொண்டு இந்தத் தாளை அவர் கையில் கொடுப்பதுதான் நடைமுறை வழி.

ஃபைல் தொலைந்துவிட்டது, அப்பா அம்மாவுக்கும் நினைவில்லை என்றாலும் கைவிட வேண்டாம். பதிவு எண் அல்லது சேர்க்கப்பட்ட ஆண்டு, அன்றைய பெயர், ஊர் ஆகியவற்றோடு மருத்துவமனையின் பதிவேடுகள் பிரிவில் எழுத்து மூலம் கேட்கலாம். அதிலும் கிடைக்காவிட்டால், எந்த ஆண்டு எந்தச் சிகிச்சைத் திட்டம் நடைமுறையில் இருந்தது என்பதை வைத்து ஓரளவு கணிக்க முடியும். உதாரணமாக, 1980களின் நடுவிலிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் மும்பை டாடாவிலும் டெல்லி எய்ம்ஸிலும் சிறார் ரத்தப் புற்றுநோய்க்குப் பின்பற்றிய எம்சிபி-841 திட்டத்தில் டானோரூபிசினும், வழக்கமாகத் தலைக்கு 18 கிரே கதிர்வீச்சும் உண்டு. ஆண்டும் மருத்துவமனையும் தெரிந்தால், எக்கோ தேவையா, ஹார்மோன்களைப் பார்க்க வேண்டுமா என்று முடிவெடுக்க ஒரு புற்றுநோய் மருத்துவருக்கு அதுவே போதும்.